அர்பேக்கப்: காலையில் முதலில் திறக்கும் பக்கம்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் 9 கம்ப்யூட்டர்கள். முன்பு வைத்திருந்த பேக்கப் சாஃப்ட்வேர், டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) இருந்த கம்ப்யூட்டரில் 3 வாரமாக பேக்கப்பே எடுக்கவில்லை. ஹார்டு டிஸ்க் போன அன்றுதான் தெரிந்தது. வவுச்சர்களை மறுபடி உட்கார்ந்து ஏற்றினோம். அப்புறம்தான் அர்பேக்கப் (UrBackup) என்ற பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

பிரவுசரில், பேக்கப் சேரும் கம்ப்யூட்டரின் (சர்வர்) முகவரியோடு 55414 என்ற போர்ட் எண்ணைப் போட்டுத் திறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் வரிசையாக நிற்கும், கடைசி பேக்கப் எப்போது என்ற தேதி, நேரத்தோடு. ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால் உடனே கண்ணில் படும். இந்த ஒரு பக்கத்துக்காகவே காசு கொடுத்துக்கூட தாராளமாக வாங்கச் சொல்வேன், இது இலவசம் என்றாலும்! செட்டிங்ஸைத் தொடாவிட்டால் 5 மணி நேரத்துக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும். ஒரே ஃபைல் நாலு கம்ப்யூட்டரில் இருந்தாலும் சர்வரில் ஒரு பிரதிதான்.

போன வாரம் தவறுதலாக அழிந்த ஜிஎஸ்டி ஷீட்டை முந்தைய நாள் பிரதியிலிருந்து இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன்.