ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசினா, கடல்பாசியா?

ஜிகர்தண்டா டம்ளரின் அடியில் வழுக்கிக்கொண்டு கிடப்பதை மதுரையில் பலர் பொதுவாகப் 'பாசி' என்றே சொல்லிவிடுகிறார்கள். சில கடைகளில் அது பாதாம் பிசின், சிலவற்றில் சைனா கிராஸ் எனப்படும் கடல்பாசி. இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்த கூட்டுச்சர்க்கரைகள். இரண்டுக்கும் சொந்தச் சுவை கிடையாது. சோற்று மாவுச்சத்தை வெட்டும் நம் நொதிகளால் இவற்றை வெட்ட முடியாது, நார்ச்சத்தாகவே கடந்து போகும். இதுவரை சமம். என் ஓட்டு பிசினுக்கு, ஒரே காரணம்: உறிஞ்சிய தண்ணீரைக் கக்காது.

கடல்பாசி மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து வருகிறது. அலையில் ஒடியாமல் வளைந்து கொடுக்க, அவற்றின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே இந்தக் கூழ் இருக்கிறது. கிளையில்லாத நீளச் சங்கிலிகள் அவை. கொதியில் பிரியும், ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலையாகும்.

அரை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் தூள். 15 நிமிடம் ஊறவைத்து, ஒரு துகள்கூடத் தெரியாத வரை கொதிக்கவிட வேண்டும். அரைகுறையாகக் கரைந்தால் மேலே தண்ணியும் அடியில் ரப்பருமாக உறையும். உறைவது சுமார் 35 முதல் 40 டிகிரியில், திரும்ப உருகுவதோ 85 டிகிரிக்கு மேல். அதனால் வெயிலில் உருகாது. ஆனால் சித்திரை மாதச் சமையலறையில் மேடையில் வைத்தால் உறையவும் யோசிக்கும். தட்டை ஈரத்துணி மேலோ ஃபிரிட்ஜிலோ வையுங்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அந்த வலை உறைந்த பிறகும் மெல்ல இறுகிக்கொண்டே போகும், இறுக இறுகத் தண்ணீர் கசியும். மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய பாலில் அந்தத் தண்ணீர் கலந்தால் உழைப்பெல்லாம் வீண். ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் மோசம்: பனிக்கட்டி வலையைக் கிழித்து, வெளியே எடுத்ததும் பஞ்சாகிவிடும்.

பிசினின் கதை வேறு. மரப்பட்டையில் காயம் பட்டால் அதை அடைக்க மரமே சுரக்கும் பசை இது. (மதுரைத் தெருக்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை வேறு மரம், அதில் தேடாதீர்கள்.) அராபினோஸ், காலக்டோஸ் சர்க்கரைகள் கிளைகிளையாகப் பிரிந்து, இடையிடையே அமிலச் சர்க்கரைகளும் இருக்கும். அந்த அமிலங்களின் எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ள, இடைவெளியில் தண்ணீர் புகுந்துகொள்ளும். சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் கரைந்தும் போகாது. இங்கே இறுகும் முறுக்கு இல்லை, ஆகவே பிழியவும் ஆளில்லை.

5 கிராம் கட்டிக்கு அரை லிட்டருக்குக் குறையாத நல்ல தண்ணீர், 8 முதல் 12 மணி நேரம். போர் தண்ணீர் வேண்டாம்: உப்புத் தண்ணீரின் கால்சியம் மின்னூட்டத்தை அணைத்துவிடும், பிசின் பாதிதான் பொங்கும். பாலிலோ சர்பத்திலோ நேராக ஊறப்போடுவதும் தப்பு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும், பிசினுக்கு மிச்சம் கிடைக்காது. ஊறிய பின் வடிகட்டி, பட்டைத் துணுக்கையும் மணலையும் பொறுக்கி எடுங்கள். நடுவில் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். அரைகுறையாக ஊறியது தொண்டையில் போய் உப்பினால் ஆபத்து.

வாங்கும்போது ஒரு சோதனை: முழுவதும் கரைந்து பசையாகிவிட்டால் அது கருவேலம் பிசின் வகை. பாதாம் பிசின் ஐஸ் துண்டுகள் போலக் கட்டிகட்டியாகவே நிற்கும்.

கெட்டுப்போவதில் மட்டும் பிசின் தோற்கும். ஊறியதை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். அகரை, அதாவது கடல்பாசிக் கூழைத், தின்னும் நுண்ணுயிர்கள் குறைவு. 1880களில் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகம், கிருமிகளை வளர்க்க ஜெலட்டினை விட்டு அகருக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். விலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், கடைக்குக் கடை மாறுகிறது.

இரவே ஊறப்போட மறந்துவிட்டு, மதியம் விருந்தாளி வந்து நின்றால் கடல்பாசிதான் கை கொடுக்கும். காய்ச்சும்போதே சர்க்கரை சேருங்கள், கசிவு கொஞ்சம் குறையும். வெட்டுவதை மட்டும் டம்ளரில் போடும் நேரம் வரை தள்ளிப்போடுங்கள்.