ஆண்டிலிருந்து நானோவினாடிக்கு: படிப்படியாகவா, அடுக்குக்குறியிலா?

1982 ஜனவரி 1 பிறந்தபோது சிங்கப்பூர்க் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அது எத்தனை நானோவினாடி?

படிப்படியாகப் பெருக்கினால் 1,800 வினாடி, 1,800,000 மில்லிவினாடி, 1,800,000,000 மைக்ரோவினாடி, 1,800,000,000,000 நானோவினாடி. தொடக்கநிலை மாணவர்களுக்கு இதுவே நல்லது; ஒவ்வோர் அலகும் கண்முன் நிற்கும்.

ஓராண்டுக்குப் போனால் விடை 17 இலக்கம். ஒரு சுழியம் விடுபட்டாலும் கண்ணில் படாது. உயர்நிலை மாணவர்கள் அடுக்குக்குறிக்கு, அதாவது எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதும் முறைக்கு, மாறிவிடுவதே சரி. முதலில் வினாடிக்கு வாருங்கள்: 86,400 × 365 = 3.1536 × 10⁷. ஒரு வினாடி 10⁹ நானோவினாடி என்பதால், அடுக்கில் 9 கூட்டினால் 3.1536 × 10¹⁶ நானோவினாடி. நிமிடம், மணி, நாள் பத்தின் அடுக்குகள் அல்ல. அதனால்தான் முதலில் வினாடிக்கு வந்து, அங்கிருந்து அடுக்குக்கு மாற வேண்டும். ஆண்டுக்கு 365.25 நாள் என்று கணக்கில் கொடுத்திருந்தால் 3.15576 × 10⁷ வினாடி.

பிழை பெரும்பாலும் கணிப்பானில்தான். × 10 என்று தட்டியபின் அடுக்குப் பொத்தானையும் (EXP அல்லது ×10ˣ) அழுத்தினால் விடை பத்து மடங்காகும். அந்தப் பொத்தானிலேயே 10 அடங்கியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் அடுக்குக்குறியே வேகம்: 5 × 10¹⁶ நானோவினாடியில் 9 அடுக்கைக் கழித்து, 3.1536 × 10⁷-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.59 ஆண்டு.