முட்டிவலி ஆய்வுகளை எடைபோட ஆர்ஓபி 2: எட்டு மாத அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டிவலி என்று வருபவர்கள் பெரும்பாலும் வயல் வேலைக்குப் போகும் அம்மாக்கள். வீட்டிலேயே செய்யும் பயிற்சி அவர்கள் வலியைக் குறைக்குமா என்று பார்க்க, பாலக்காட்டில் பாடம் எடுக்கும் ஒரு சேச்சியும் நானும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரே கேள்விக்கு வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து எடைபோடும் கட்டுரை) எழுதுகிறோம். சேர்த்தவை 14 ஆய்வுகள். ஒவ்வொன்றின் முடிவும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோட, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்ஓபி 2 கருவியை எடுத்துக்கொண்டோம். 2019-இல் வந்தது, இலவசம்.

முன்பு படித்த காலத்தில் ஜடாட் அளவுகோல்தான் தெரியும். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் போட்டால் முடிந்தது. இதில் கூட்டலே கிடையாது. குழு பிரித்த விதம், சிகிச்சை சொன்னபடி நடந்ததா, விடுபட்ட தகவல், அளவெடுத்த விதம், பல முடிவுகளில் பிடித்ததை மட்டும் பொறுக்கி எழுதினார்களா என்று ஐந்து பகுதிகள். எந்தப் பகுதியிலாவது ‘அபாயம் அதிகம்’ என்று வந்துவிட்டால் மொத்தமும் அதுதான். ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படை என்றால் பயிற்சி, இரட்டைப்படை என்றால் மாத்திரை என்று பிரித்திருந்தால், அடுத்தவர் எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மற்ற நான்கும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த ஆய்வு ‘அபாயம் அதிகம்’தான்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நான்காவது பகுதியில்தான். வலியைச் சொல்வது நோயாளி, ஆக அளவெடுப்பவரும் அவரே. பயிற்சி செய்தவருக்குத் தான் செய்தது தெரியாமல் இருக்குமா? அப்படிப் பார்த்தால் எல்லா ஆய்வும் சிவப்பு, அதாவது ‘அபாயம் அதிகம்’ என்றேன். சேச்சி ஒப்பவில்லை. “மோனே, எதிர்க் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்” என்றார். எதிர்க் குழுவுக்கும் வேறொரு பயிற்சி கொடுத்திருந்தால், இருவருக்கும் எதிர்பார்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். குழு தெரிந்ததால் அளவு மாறியிருக்குமா என்ற கேள்விக்கு ‘அநேகமாக இல்லை’ என்று போடலாம், மஞ்சளோடு (‘ஓரளவு சந்தேகம்’) நிற்கும். ஒன்றுமே கொடுக்காமல் காத்திருக்க வைத்திருந்தால் சிவப்புதான். சேச்சி சொன்னதுதான் சரி. அதே ஆய்வில் நோயாளி நடந்த தூரத்தை, குழு தெரியாத ஒருவர் அளந்திருந்தால் அதற்குத் தனித் தீர்ப்பு. ஆய்வுக்கு இல்லை, ஒவ்வொரு முடிவுக்கும் தீர்ப்பு என்பதுதான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஐந்தாவது பகுதிக்கு இந்திய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேட்டில் தேடினோம். ஆள் சேர்க்கும் முன்பே பதிந்த ஆய்வு என்றால், 12-ஆம் வார வலியை அளப்போம் என்று பதிந்துவிட்டு 6-ஆம் வாரத்தை மட்டும் எழுதியிருந்தால் தெரிந்துவிடும்.

குறை என்றால் நேரம். முதல் ஆய்வுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. இப்போது ஒன்றரை மணி நேரம். கருவியின் எக்செல் கோப்பில் மேக்ரோ (தானே இயங்கும் சிறு நிரல்) இருப்பதால் என் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே முதலில் விடவில்லை. கணவாய்க் காற்று அடித்த ஒரு மாலை கரண்ட் போய், சேமிக்காத ஒரு ஆய்வு முழுவதும் அழிந்தது. அப்புறம் முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு ஏற்றுகிறேன். ஆளுக்கு ஒரு பிரதி வைத்துத் தனித்தனியே நிரப்புங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து நிரப்பினால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டுவிடுவார். தீர்ப்புகளைப் படமாக வரைய ராப்விஸ் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

ஒரு ஆய்வில் குழு ஒதுக்கீட்டை எப்படி மறைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வரிசை எண் போட்டு ஒட்டிய, உள்ளே இருப்பது தெரியாத கவர்கள், வேறொருவர் பொறுப்பில் வைத்திருந்தார்களாம். நல்ல வேலையைச் செய்துவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அன்று இரவே கோப்பைத் திறந்து ‘தகவல் இல்லை’யை ‘ஆம்’ என்று மாற்றினோம்.