வெளிக்குப் போச்சா? நிறைமாதப் பிள்ளைக்கு ஒரு கணக்கு, குறைமாதப் பிள்ளைக்கு வேறு கணக்கு

பினாங்கில் பிள்ளை பார்க்க வரும் பெரியவர்கள், தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு கேட்பது "வெளிக்குப் போச்சா?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று தெரியாமல், கிடைக்கும் பதிலை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

என் அக்காள் மகள்கள் இருவருக்கும் அடுத்தடுத்துப் பிரசவம். பெரியவளுக்குப் பட்டர்வொர்த்தில் 39 வாரத்தில் பிள்ளை. சின்னவளுக்கு 30 வாரத்திலேயே பிறந்து, தீவில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்குபேட்டரில். பெரியவள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் பெம்பர்ஸ் மேல் பெம்பர்ஸ். சின்னவளோ, "சின்னம்மா, இன்னும் ஒரு தடவைகூடப் போகலையாம்" என்று போனில் அழுகிறாள். இரண்டு பிள்ளைகளும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் இருந்தார்கள்.

முதலில் காட்டுப்பீ, அதாவது பிறந்த பிள்ளையின் முதல் மலம். வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளை விழுங்கிய பனிக்குட நீர், உதிர்ந்த பூமுடி, குடலின் செல்கள், பித்தம் எல்லாம் சேர்ந்த கரும்பச்சைப் பிசின் அது. தார் மாதிரி ஒட்டும். நாற்றம் அநேகமாக இருக்காது. நிறைமாதப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் 24 மணி நேரத்துக்குள் இதைப் போய்விடுவார்கள், 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும். அதையும் தாண்டினால் டாக்டர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். குடலில் அடைப்பு இருக்கிறதா, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயா என்று தேடுவார்கள்.

குறைமாதப் பிள்ளைக்கு அந்த 48 மணி நேரம் அவ்வளவு கறாரான கோடு அல்ல. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் பலர் இரண்டு நாளைத் தாண்டுவார்கள். எவ்வளவு சீக்கிரம் பிறந்ததோ, அவ்வளவு தாமதம். காரணம் எளிது. குடல் வரிசையாகச் சுருங்கி உள்ளே இருப்பதைக் கீழே தள்ள வேண்டும். அந்த ஒழுங்கு 34 வாரத்தை ஒட்டித்தான் படிய ஆரம்பிக்கிறது. தவிர, குடலைத் தட்டி எழுப்புவது பால்தான். இந்தப் பிள்ளைகளுக்கோ மூக்குக் குழாய் வழியாக ஒன்றிரண்டு மில்லியில்தான் அது தொடங்குகிறது. தாயிடம் வரும் சீம்பால் சில சொட்டுதான் என்றாலும் மிஸ்ஸிகள் (நர்ஸ்கள்) கேட்டு வாங்குவது சும்மா இல்லை. கழற்றிய பெம்பர்ஸைக்கூட எடைபோட்டு, கிராம் கணக்கில் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் டாக்டரே கிளிசரின் வைக்கச் சொல்வதும் உண்டு.

தாமதத்தில் இப்படிச் சலுகை தரும் அதே வார்டு, வயிற்று உப்பலில் ஒரு சலுகையும் தராது. குறைமாதப் பிள்ளைகளின் குடலைத் தாக்கும் என்இசி என்ற கடுமையான அழற்சி ஒன்று உண்டு. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பிறந்து சில வாரம் கழித்தும் வரும். வயிறு விறைத்து உப்புவது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது இவைதான் அடையாளம். தாய்ப்பால் இந்த ஆபத்தைக் குறைக்கிறது. மூச்சுக்கு உதவும் சிபேப் கருவியில் இருக்கும் பிள்ளைக்குக் காற்று இறங்கியும் வயிறு பெருத்துத் தெரியும். அது பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். எது எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர், போட்டோவைப் பார்த்த உறவுக்காரர்கள் இல்லை.

பால் ஏறிய பிறகு நிறம் மாறுவதும் அப்படித்தான். நிறைமாதப் பிள்ளைக்கு மூன்றாம் நான்காம் நாளில் பச்சை, ஐந்தாம் நாளை ஒட்டி மஞ்சள். குறைமாதப் பிள்ளைக்கு இதே படிகள்தான், இழுத்து இழுத்து வரும். தாய்ப்பால் குடிப்பவர்களின் மஞ்சள் மலம் பாதி தண்ணீராக, நடுநடுவே திப்பித் திப்பியாக இருக்கும். அது வயிற்றுப்போக்கு இல்லை. புட்டிப்பால் குடித்தால் கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் நாற்றம். நிறைமாதப் பிள்ளைக்குப் பச்சையாகப் போனதும் பத்தியத்தில் இருக்கும் அம்மா என்ன தின்றாள் என்று விசாரணை வைப்பார்களே, அதை நிறுத்தினால் அவளாவது நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

கறுப்பு நிறம் வேறு கதை. வீட்டுக்கு வரும் குறைமாதப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து இருக்கும். மலம் கரும்பச்சையாகப் போவது அதனால். குறைமாதப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சத்துத் தூளை (ஃபோர்ட்டிஃபையர்) பாலில் கலந்து கொடுத்தால் கொஞ்சம் இறுகவும் செய்யும். இரும்பு மருந்தே குடிக்காத நிறைமாதப் பிள்ளை, மஞ்சளுக்கு மாறிய பிறகு திரும்பவும் கறுப்பாகப் போனால் அது ரத்தமாக இருக்கலாம்; அன்றே காட்ட வேண்டும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முதல் மாதத்தில் தாய்ப்பால் பிள்ளை ஒவ்வொரு முறை குடித்ததும் போகலாம். ஆறு வாரத்துக்கு மேல் அதே பிள்ளை நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். எடை ஏறி, வயிறு மெத்தென்று இருந்து, போகும்போது இளக்கமாகப் போனால் மலச்சிக்கல் இல்லை. முகம் சிவக்க முக்கி அழுதுவிட்டு இளக்கமாகப் போவதும் அப்படியே: வயிற்றை இறுக்கும்போது கீழே தளர்த்தவும் வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் மட்டும் பால் போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு பாட்டிமார் வருவார்கள். எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். குறைமாதப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், ஆசனவாயின் தோல் அவ்வளவு மெல்லிசு. சீனித் தண்ணீர், தேன், உரை மருந்து இவற்றுக்கும் அதே பதில்தான்.

இனி மஞ்சள்காமாலை. ரத்தத்திலிருந்து பிரியும் பிலிரூபின் மலத்தோடுதான் வெளியேறுகிறது. குடல் மந்தமாக இருந்தால் அது திரும்ப உடம்புக்குள்ளேயே ஏறும். குறைமாதப் பிள்ளைக்குக் காமாலை நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்கு வரும் அரசாங்க கிளினிக் மிஸ்ஸி, கண்ணைப் பார்த்துவிட்டு மலத்தையும் விசாரிப்பது இதற்காகவே. நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாள், குறைமாதப் பிள்ளைக்கு 21 நாள். அதற்கு மேலும் மஞ்சள் போகாமல் இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வெளுத்துப்போன, சாம்பல் கலந்த மலத்துக்கு மட்டும் இரண்டு பிள்ளைக்கும் ஒரே சட்டம். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் அறுவைச் சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போகப் போக ஈரல் கெடும். அந்தப் பெம்பர்ஸைச் சுருட்டி எறிந்துவிடாமல், பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதையும் பையில் போட்டு அன்றைக்கே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.