கதவில் நம்பர் பூட்டு, திண்ணையில் அம்மா

ராத்திரி 10.45. புதுச்சேரியில் ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டின் தேக்குக் கதவுக்கு முன்னால் நான்கு பேரும் நிற்கிறோம். கதவைத் திறக்கும் ஆறு எண்கள் எனக்கும் மனைவிக்கும் 12 வயது மகளுக்கும் மனப்பாடம். யார் அழுத்தினாலும் பூட்டில் சத்தமே இல்லை. முதல் நாள் விரல் பட்டதும் நீலமாக எரிந்த எண்கள் இப்போது இருட்டாகக் கிடக்கின்றன. 74 வயது அம்மா கடற்கரையில் நடந்த களைப்பில் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பிரஷர் மாத்திரை உள்ளே அலமாரியில் இருந்தது.

விமானம், ஈ.சி.ஆர். டாக்சி, மணக்குள விநாயகர் தரிசனம், பெரிய மார்க்கெட் எல்லாம் நன்றாகவே அமைந்தன. அவை உங்களுக்குத் தெரிந்தவைதான். பாரீசுக்குப் பக்கத்தில் நாங்கள் வசிக்கும் சார்செலுக்குத் திரும்பியதிலிருந்து என் நெஞ்சில் நிற்பது இந்தக் கதவு.

முதலில், சொந்த ஊரில் வாடகை வீடு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்கு வந்து முத்தியால்பேட்டையில் வீடு கட்டியவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு பாரீஸ் பக்கம் வந்துவிட்டார், வீட்டை விற்றுவிட்டோம். இத்தனை வருஷமும் ஊருக்குப் போனால் நேராக வீட்டுக்குப் போய்ப் பையைப் போட்டுவிட்டு, கிணற்றடியில் கால் கழுவுவோம். இந்தத் தடவைதான் படம் பார்த்து, விலை பார்த்து, முன்பணம் கட்டி ஊருக்குப் போனோம்.

ஓட்டல் வேண்டாம் என்றது அம்மாதான். "திண்ணை உள்ள வீடா பாருப்பா. முற்றமும் இருந்தா நல்லது" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் தேடினேன். கடலோரத்து வெள்ளைக்காரத் தெருக்களில் அழகான வீடுகள் நிறைய. ஆனால் அந்த வீடுகள் தெருவுக்கு மதிலைத்தான் காட்டும். பெரிய கேட்டைத் திறந்து உள்ளே போனால்தான் தோட்டம், தூண், எல்லாம். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் தெருக்களில் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முதலில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், போகிறவன் வருகிறவன் வெயிலுக்கு ஒதுங்க. அடுத்து திண்ணை. அப்புறம்தான் கதவு. மாடிக்குப் போனால் வளைவு ஜன்னல், சாய்பலகைக் கதவு, சுண்ணாம்பில் வார்த்த கைப்பிடிச்சுவர் என்று பிரெஞ்சுக்காரன் வீடு. கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடு. எங்கள் குடும்பம் மாதிரியே இருக்கிறது என்று மகள் சொன்னாள். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீட்டு முகப்புகளைச் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள், அந்தத் தெருவில் நின்று பார்த்தால் வரிசை புரியும். அதற்கு இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது எங்கள் வீடு. படத்தில் ஊஞ்சல், முற்றம், பூப்போட்ட ஆத்தங்குடித் தரை. அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், முற்றத்தை மேலே தகடு போட்டு அடைத்திருந்தார்கள். ஏசி குளிர்ச்சி வெளியே போகக் கூடாதாம். வெயிலும் வராது, மழையும் விழாது, பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, விடு" என்றார். மாடிக் கைப்பிடிச்சுவர் விரிசலில் ஒரு அரசங்கன்று நான்கு இலை விட்டிருந்தது. சுண்ணாம்புக் கட்டடம் வைத்திருக்கிறவர்கள் இதைப் பார்த்த அன்றைக்கே பிடுங்குவார்கள். வேர் உள்ளே போனால் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கும், பிறகு மரச்சட்டம் உளுக்கும். கடற்கரையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே மாதிரி திரும்பக் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள், அழகாகவும் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் அதன் முன்னால் நின்றபோது அம்மா, "இது அது இல்லப்பா" என்றார். கல்யாணப் பதிவுக்கு அப்பாவோடு ஏறிய படிகள் அவருக்கு.

அங்கிருந்து திரும்பி வந்தபோதுதான் பூட்டு செத்துக் கிடந்தது.

வீட்டை வாடகைக்கு எடுத்த செயலியில் ஒரு எண் இருந்தது. அழைத்தால், அலுவலக நேரம் காலை 9 முதல் மாலை 7 வரை என்று ஒரு பதிவுக் குரல். உரிமையாளர் வேறு ஊர்க்காரர், அவர் எண் எங்களிடம் இல்லை. கூட்டிப் பெருக்க வரும் பெண் மாலையிலேயே போய்விட்டார், அவர் எண்ணும் இல்லை. எங்கள் பாஸ்போர்ட் நகலை மட்டும் வருவதற்கு முன்பே மூன்று தடவை கேட்டு வாங்கியிருந்தார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் கொடுக்க வேண்டும், அது சட்டம், அதில் எனக்குக் குறையில்லை. அந்த அக்கறையில் கொஞ்சத்தை எடுத்து, ராத்திரி கதவு திறக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாமே.

பாரீசிலும் எல்லாக் கட்டடத்துக்கும் வாசலில் நம்பர் பூட்டுதான். ஆனால் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் அம்மா இருக்கிறார். கதவில் ஏதாவது கோளாறு என்றால் அவரைத் தட்டினால் போதும். அவசரத்துக்குப் பூட்டுக்காரனைக் கூப்பிட்டால் பணத்தைக் கறந்துவிடுவான், ஆனாலும் வந்துவிடுவான். பாரீசில் தான் குடியிருக்கும் வீட்டை இப்படி நாள் வாடகைக்கு விட வருஷத்துக்கு 90 நாள்தான் அனுமதி, விளம்பரத்தில் பதிவு எண்ணும் போட வேண்டும். கெடுபிடி என்று அங்கே நானே முணுமுணுத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தெருவில் நின்றபோது அந்தக் கெடுபிடி எவ்வளவு தேவை என்று பட்டது.

செல்போன் வெளிச்சத்தில் அந்தக் கதவை முழுக்கப் பார்த்தேன். கை அகலத்துக்கு நிலை. அதில் கொடியும் இரட்டை அன்னமும் செதுக்கியிருந்தது. பித்தளைக் குமிழ்கள் தேய்ந்து மொட்டையாகி, தொட்டால் வழுவழுவென்றிருந்தன. இரும்பு வளையம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே பழைய சாவித் துவாரத்தை ஒரு மரத்துண்டு வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். விரலால் தடவினால் மேடு தட்டியது. நூறு வருஷம் தாங்குகிற கதவு, அதைத் திறப்பதோ நான்கு பென்சில் பேட்டரி. எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. ஒரு அம்மா கதவைத் திறந்து, "பூட்டு மக்கர் பண்ணுதா?" என்றார். கேட்ட விதத்திலேயே இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தார். "அக்கா, சாப்பிட்டீங்களா? பனி எறங்குது, இங்க நம்ம திண்ணைக்கு வாங்க." அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் ஊரில் இருந்தேன். முத்தியால்பேட்டையில் எந்தத் தெரு, யார் வீட்டுக்குப் பக்கத்தில், சொல்தா வீடா, எந்த ரெஜிமென்ட்... கேள்வி மேல் கேள்வி. அந்த அம்மாவின் அண்ணனும் சொல்தாவாம், பிரான்சில் மொன்பெலியேவில் இருக்கிறாராம். அம்மா தூணில் சாய்ந்து, காலை நீட்டி, பேசிக்கொண்டே இருந்தார். சார்செல் வீட்டில் ஒரு வாரத்துக்கு அவர் பேசுகிற அளவு அது. மகள் சிவப்புப் பூசிய திண்ணையின் குளிர்ச்சியில் கன்னம் வைத்துத் தூங்கிவிட்டாள்.

மணி பன்னிரண்டை நெருங்கும்போது அந்த அம்மாவின் மகன் வேலை முடிந்து வண்டியில் வந்தான். ஏசி மெக்கானிக். குனிந்து பூட்டின் அடியில் வெளிச்சம் அடித்தான். "அண்ணா, இங்க பாருங்க." எண் பலகைக்குக் கீழே மிளகு அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள். "உள்ளே பேட்டரி செத்தா வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க வெச்சிருக்கான். ஒம்போது வோல்ட் போதும்." பையிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்தான், பின்மூடியின் திருகைக் கழற்றினான், உள்ளிருந்த சதுரப் பேட்டரியை உருவி, அதன் இரண்டு முனைகளையும் அந்தப் புள்ளிகளில் அழுத்திப் பிடித்தான். பூட்டு 'பீப்' என்றது. எண்கள் நீலமாக எரிந்தன. என் மனைவி ஆறு எண்களையும் அழுத்தினாள். கதவுக்குள் மோட்டார் சுற்றும் சத்தம்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "இது மூணாவது தடவைண்ணா" என்று மட்டும் சொன்னான்.

காலை 9 மணிக்குச் சரியாக மன்னிப்புச் செய்தி வந்தது. எதிர்வீட்டில் ஒரு மாற்றுச் சாவி வைக்கலாமே, அந்தப் பழைய பூட்டையே சீர்செய்யலாமே என்று நீளமாக எழுதினேன். பாதுகாப்புக் காரணம் என்று ஒரு வரியில் பதில். எனக்கு அது பாதுகாப்பாகத் தெரியவில்லை. பழைய வீடு தேடுகிறவர்கள் தூணையும் தரையையும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கட்டுமுன் கூப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் இந்த வீட்டைத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். மாடியிலோ பின்கட்டிலோ வீட்டுக்காரர் குடியிருந்தால், கொஞ்சம் பழசாக இருந்தாலும் அதையே எடுங்கள். முற்றத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று தனியாக ஒரு படம் கேளுங்கள்.

மிச்ச நாட்களில் அம்மா எங்கள் திண்ணையில் உட்காரவே இல்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் எதிர்த்திண்ணைக்குப் போய்விடுவார். கிளம்புகிற அன்றைக்கு நேரு வீதியில் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கி அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். ஒன்றைத் தன் மல்ட்டிமீட்டரில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை அவன் அம்மா வாங்கி, திண்ணை மாடத்தில் அகல் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "அடுத்து வர்றவங்களுக்கு இருக்கட்டும்" என்றார்.