காய்ச்சல் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே: வாங்கி வைத்திருக்கும் ஒரு தாத்தா எழுதுவது

என் பேரனுக்காக வீட்டில் வைத்திருக்கும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரேயைப் பற்றி எழுதுகிறேன். மருந்துக்கு முழு மார்க் போடுவேன். ஆனால் புட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளுக்கும் பாஸ் மார்க் கூடப் போட மனசு வரவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன, கடையில் எது இருக்கிறதோ அதுதான் நம் கைக்கு வரும்.

நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பகலில் பேரன் எங்களோடுதான். அதனால் இந்தப் புட்டியைத் திறக்கப்போகும் கை பெரும்பாலும் என்னுடையதாகவோ என் மனைவியுடையதாகவோதான் இருக்கும். ஒரு அறுபது வயதுக்காரர் பதற்றத்தில் கண்ணாடியைத் தேடாமல் பயன்படுத்த முடியுமா என்பதுதான் என் கணக்கு.

பேரனுக்கு ஒரு வயது தாண்டியதும் முதல் வலிப்பு வந்தது. காய்ச்சல் தொடங்கிய அன்றே கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அக்கம்பக்கத்தார் ஜன்னி என்றார்கள். ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வந்தார், இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கச் சொன்னார். இரண்டும் கூடாது. வாயில் எதை வைத்தாலும் பல் உடையும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் போய் அடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பில் மருந்து ஏற்றிய பிறகுதான் வலிப்பு நின்றது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ரோசியோலா என்றார். ஹியூமன் ஹெர்பிஸ் வைரஸ் 6 என்ற கிருமியால் வருவதாம். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம், இன்ஃபுளுயன்சா இன்னொன்று என்றும் சொன்னார்.

அப்போதுதான் இந்த ஸ்பிரேயை எழுதிக் கொடுத்தார். பொதுவாகக் காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரைக்கும் வருவது. 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும், மூளைக்கும் கெடுதல் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்புதான் தானாக நிற்க மறுக்கும். அதற்குத்தான் இந்த மருந்து. காய்ச்சல் வந்தவுடனே முன்கூட்டி அடித்துவைக்கும் மருந்து இல்லை இது.

வாங்குவதே ஒரு வேலைதான். மிடாசோலம் ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தந்தாலும் பெயர் விவரமெல்லாம் தனி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அது சரியான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துச் சின்ன மெடிக்கல்களில் இது இருப்பில் இருப்பதில்லை. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டிய கடையில்தான் கிடைத்தது. காய்ச்சல் வந்த பிறகு தேடி அலையலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். இந்த ஸ்பிரே ஒரு அமுக்குக்கு 0.5 மில்லிகிராம் வருவதாகவும் இருக்கிறது, 1.25 மில்லிகிராம் வருவதாகவும் இருக்கிறது. அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்கிட்டு எங்கள் டாக்டர் எழுதினார். பேரன் 10 கிலோ இருந்தபோது 2 மில்லிகிராம். 0.5 புட்டியில் நாலு அமுக்கு, ஒரு மூக்கில் இரண்டு, அடுத்ததில் இரண்டு. அடுத்த தடவை கடைக்காரர் 1.25 புட்டியைத் தந்திருந்து, நாங்களும் பழக்கத்தில் அதே நாலு அமுக்கு அடித்திருந்தால் 5 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இரண்டரை மடங்கு! அளவு மீறினால் மூச்சை அடக்கக்கூடிய மருந்து இது. இவ்வளவு முக்கியமான எண்ணைக் கடுகு அளவு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்கும் பொருளில், பாட்டி தாத்தா கையால் அடிக்கப்போகும் மருந்தில், தமிழில் நாலு வரி போட்டால் என்ன? 0.5 புட்டிக்கு ஒரு நிற மூடி, 1.25 புட்டிக்கு வேறு நிற மூடி என்று எல்லா கம்பெனிகளும் சேர்ந்து முடிவு செய்தால் என்ன? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். வெள்ளை பிளாஸ்திரியைப் புட்டியில் சுற்றி, பெரிய எழுத்தில் "0.5, ஒரு பக்கம் 3, மறு பக்கம் 3" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது பேரன் 15 கிலோ, அதனால் 3 மில்லிகிராம், ஆறு அமுக்கு. எடை கூடும்போது டாக்டரிடம் கேட்டு எண்ணை மாற்ற வேண்டும். இது என் பேரனுக்கான கணக்கு. உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர் எழுதித் தருவதுதான் கணக்கு.

அடித்துப் பார்த்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வலிப்பு இன்ஃபுளுயன்சா காய்ச்சலின்போது வந்தது. பணிக்காலம் முழுக்க நேரத்தைக் குறித்தே பழகியவன், அதனால் வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பேரனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டோம். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. என் மனைவி மூக்கில் இருந்த சளியைத் துணியால் துடைத்துவிட்டாள். சளிக் காய்ச்சலில்தான் இது அதிகம் தேவைப்படுகிறது, மூக்கு அடைத்திருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இந்த விஷயத்தை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், தாளில் எங்கள் கண்ணில் படவில்லை. புதுப் புட்டியென்றால் துளி பனிபோலச் சீராக வரும்வரை முதலில் காற்றில் சில அமுக்கு அடிக்க வேண்டும். அதை வாங்கிய அன்றே செய்து வைத்திருந்தோம். எண்ணி எண்ணி அடித்தேன். சில நிமிடத்தில் கைகால் தளர்ந்தது, இழுப்பு நின்றது. அந்த நேரத்துக்குள் 108 வந்துவிட்டது. ஊசி இல்லை, குளுக்கோஸ் பாட்டில் இல்லை, ஆசனவாயில் வைக்கும் டயசெபாம் என்ற வலிப்பு மருந்தைப் போலப் பிள்ளையின் உடுப்பைக் கழற்ற வேண்டியதும் இல்லை. அப்புறம் நன்றாகத் தூங்கினான், மருந்தும் தூக்கம் தரும் மருந்துதானே. நெஞ்சு ஏறி இறங்குவதை விடாமல் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிற்கவில்லை என்றால் நாமாக இரண்டாவது அளவு அடிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

ஸ்பிரே கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரியை ஒத்திப்போடக் கூடாது என்பதை அந்த வார்டில் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி. வலிப்பு வருவதற்கு முன்னாடியே அம்மாவை அடையாளம் தெரியாமல் உளறியிருக்கிறாள், ஓயாத வாந்தி. வலிப்பு நின்ற பிறகும் தெளியவில்லை. அது காய்ச்சல் வலிப்பு இல்லை, வைரஸ் மூளையையே தாக்கிய மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்து, முதுகில் நீர் எடுத்துச் சோதித்த முடிவு வருவதற்குள்ளேயே அசிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸால் வந்த வகையாக இருந்தால் மணிக்கணக்கில் தாமதித்தாலும் நஷ்டம் பெரிது என்பதால். அன்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா எங்களிடமும் சொன்னார்: வலிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்தால், 15 நிமிடம் தாண்டினால், ஒரே நாளில் மறுபடி வந்தால், பிடரி விறைத்தால், பிள்ளை ஆறு மாதத்துக்கும் சின்னதாக இருந்தால், சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். வலிப்பை நிறுத்தும் மருந்து மூளைக்காய்ச்சலைக் குணப்படுத்தாது.

பாரசிட்டமால் பற்றியும் ஒரு வார்த்தை. நேரத்துக்கு நேரம் கொடுத்தால் வலிப்பு வராது என்று நானும் நம்பியிருந்தேன். அது உடம்பு வலியைக் குறைத்துப் பிள்ளையைச் சௌகரியமாக வைக்கும், வலிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே "நீ மருந்து கொடுக்கத் தவறியதால்தான் வந்தது" என்று எந்தத் தாயையும் யாரும் குத்திக் காட்ட வேண்டாம். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கென்று கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு அது சேர்ந்தால் ரெய் சிண்ட்ரோம் என்று ஈரலையும் மூளையையும் தாக்கும் நோய் வரக்கூடும்.

முன்பு ஒரு தடவை வலிப்பு வந்து, டாக்டரும் எழுதிக் கொடுத்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் சும்மா வாங்கி வைக்கும் பொருள் இல்லை. வாங்கும்போது கடையிலேயே அமுக்குக்கு எத்தனை மில்லிகிராம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள், திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் கேட்டு அந்தத் தேதியைப் புட்டியிலேயே எழுதுங்கள். பிள்ளை பால்வாடிக்கோ பள்ளிக்கோ போனால் டீச்சரிடம் டாக்டர் எழுதிய சீட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பேரனின் டீச்சர் அதைத் தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார், ஆயாவுக்கும் படித்துக் காட்டியிருக்கிறார்.