ஊக்கி ரியாக்டர் கணக்கு: ஆர்கே45-ஆ, பிடிஎஃப்-ஆ?

சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிளாட்டினம் ஊக்கியின் மேல் நாப்தா ஓடும் ரியாக்டரைக் கணிக்கிறவரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு புரொஜெக்டுக்குக் காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றுகிறவரும் முட்டி நிற்பது ஒரே இடத்தில்தான். செறிவுகள் மாறும் விதத்தைச் சொல்லும் வகையீட்டுச் சமன்பாடுகளை எழுதியாயிற்று, கணினியில் எதைக் கொண்டு தீர்ப்பது?

மட்லாபா பைதனா என்ற சண்டை எனக்கு வேண்டாம். லைசென்ஸுக்குக் காசிருந்தால் மட்லாப், இல்லாவிட்டால் பைதன். முறையில்தான் விசயம்.

முறை எதையும் சொல்லாவிட்டால் பைதனின் கணிதத் தொகுப்பான சைபை எடுப்பது ஆர்கே45, அதாவது சின்னச் சின்ன அடிகளாக முன்னேறும் ருங்கே-குட்டா முறை. நிலைத்த ஓட்டம், முழுத் தாக்கத்துக்கும் லாங்மியர்-ஹின்ஷல்வூட் வடிவில் (மேற்பரப்பில் ஒட்டுவதையும் சேர்த்துக் கணக்கிடும் வடிவம்) ஒரே வீதக் கோவை என்றால் பெரும்பாலும் அதுவே போதும்.

மேற்பரப்பில் ஒட்டுவது, பிரிவது, சேர்வது என்று ஒவ்வொரு படியையும் தனித்தனியே எழுதினால்தான் வில்லங்கம். சில படிகள் கண்மூடித் திறக்குமுன் அடங்கிவிடும்; விளைபொருளோ நிமிடக் கணக்கில் வரும். 1966இல் ரொபர்ட்சன் கொடுத்த மூன்று சமன்பாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்புக் கணக்கல்ல, ஆனால் நோய் அதேதான். வீத மாறிலிகள் 0.04, 10,000, 3 கோடி. 40ஆவது செக்கனில் நாலாம் வரிசை ருங்கே-குட்டா தாங்கும் நேர அடி ஏறத்தாழ 0.0008 செக்கன். வளைகோடு தட்டையாகக் கிடக்கும். ஆனாலும் அடியைக் கூட்டினால் விடை வெடிக்கும். பிடிஎஃப் (பின்னோக்கிய வேறுபாட்டு முறை) அதே இடத்தில் செக்கன் கணக்கில் தாவும். சும்மா இல்லை: ஒவ்வொரு அடியிலும் நேரியலற்ற தொகுதியொன்றை நியூட்டன் முறையில் தீர்க்க வேண்டும், அதற்கு ஜாக்கோபியனும் (ஒவ்வொரு வீதமும் ஒவ்வொரு செறிவோடு எப்படி மாறுகிறது என்ற அட்டவணை) வேண்டும்.

சைபையிலுள்ள இன்னொரு முறையான ராடோ, துல்லியம் இறுக்கிக் கேட்கும்போது நன்றாக நிற்கும். ஆனால் ரியாக்டர் குழாயை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டினால் ஒரு அடிக்கே நேரம் தின்னும். அவசரத்துக்கு எல்எஸ்ஓடிஏ என்ற முறை, அது கணக்குக்கேற்ப தானே முறை மாற்றிக்கொள்ளும்.

வேகமான இடைநிலைப் பொருள்களின் வகையீட்டைப் பூச்சியமாக்கிவிடும் பழைய வழியும் கெட்டதல்ல. ஆனால் ரியாக்டரைச் சூடாக்கித் தொடங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதை நம்ப மாட்டேன்.

சரி, பிடிஎஃப் எடுத்தாயிற்று. இனித்தான் அதிகம் பேர் கவிழ்கிறார்கள். சைபையில் தனிப் பிழை வரம்பை (எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதை) சொல்லாவிட்டால் அது பத்து இலட்சத்தில் ஒன்று. ரொபர்ட்சன் கணக்கின் இரண்டாம் பொருள் 40ஆவது செக்கனில் இருப்பதே பத்து இலட்சத்தில் 9 பங்கு. பத்து வீதம் பிழைத்தாலும் தீர்க்கும் நிரல் (சொல்வர்) கண்டுகொள்ளாது. மேற்பரப்பில் மிக அரிதாக இருக்கும் இடைநிலைப் பொருளுக்கும் இதே கதிதான்.

மேற்பரப்புப் பங்குகளை (ஒவ்வொரு பொருளும் பிடித்த இடம், வெற்றிடம் உட்பட) கூட்டினால் 1 வருகிறதே என்பார்கள். அது சாட்சியல்ல, பிழையான விடையிலும் இந்த முறைகள் அந்தக் கூட்டுத்தொகையைக் காப்பாற்றும். வரம்பை நூறு மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். வெளியேறும் வாயுவின் அமைப்பு அசைந்தால் முதல் வரைபை ரிப்போர்ட்டில் போட வேண்டாம்.